கூரைப் பீலிக்கு வலை போட்டு ஏழாவது இலையுதிர் காலம்

கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரை வாங்கிக் கீழே அனுப்புமே, அந்தப் பீலியை இலை அடைக்காமலிருக்க, அதன் மேல் துருப்பிடிக்காத எஃகு வலை போட்டு இது ஏழாவது இலையுதிர் காலம். 'இனி ஏணிப் பக்கமே போக வேண்டாம்' என்று சொல்லித்தான் விற்றார்கள். வருடம் தவறாமல் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் வலையைக் கழற்ற மனம் வரவில்லை.

முதலில் பீலிக்குள் நுரைப்பஞ்சைத் திணித்துப் பார்த்தேன். இரண்டாவது வசந்தத்தில் பஞ்சின் துளைகளில் மேப்பிள் விதைகள் முளைத்து, விரல் உயரத்துக்குக் கன்றுகள் நின்றன. பிடுங்கினால் பஞ்சும் சேர்ந்து பிய்ந்தது. அதோடு அதை விட்டேன்.

வலை அப்படி இல்லை. அகன்ற இலைகள் அதன்மேல் காய்ந்து, காற்றில் பறந்துவிடுகின்றன. முன்பு வாளி வாளியாக அழுகல் அள்ளுவேன், இப்போது ஒரு பிரஷ் போதும். பைன் ஊசிகள்தான் தொல்லை. கண்ணிகளில் குத்திக்கொண்டு நிற்கும், அவற்றின்மேல் மற்றவை படியும். பலத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்காமல் விளிம்பைத் தாண்டிக் கொட்டும். மூன்றாவது வருடம் ஒரு துண்டைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் ஷிங்கிள் எனும் கூரை வேய்ந்த தகடுகளிலிருந்து உதிர்ந்த மணலும் தூசியும் கலந்து, விரல் தடிமனுக்குக் கறுப்புச் சேறு. இலையை வலை தடுக்கும், நுண்ணிய மண்ணைத் தடுக்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, கைக்கரண்டியால் சுரண்டி எடுக்கிறேன்.

ஒரு வருடம் அவசரப்பட்டு, இலை பாதி உதிர்ந்தபோதே சுத்தம் செய்து முடித்துவிட்டேன். ஓக் மரம் கடைசிவரை இலையைப் பிடித்துவைத்திருக்கும் என்பதை நினைக்கவில்லை. சரியாகப் பொருத்தாத ஒரு மூலை வழியே இலைகள் புகுந்து, இறங்கு குழாயின் வளைவை அடைத்துக்கொண்டன. தேங்கிய தண்ணீர் உறைந்தது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். குழாயின் தகட்டை இணைத்த தையல் நீளவாக்கில் பிளந்துவிட்டது. இப்போது கடைசி இலை விழுந்த பிறகு, உறைபனிக்கு முன் ஒரு காய்ந்த நாளாகப் பார்த்து இன்னொரு முறை ஏறுகிறேன்.

ஏணியைப் பீலிமேல் சாய்க்காதீர்கள், நசுங்கிவிடும். சுவரில் ஊன்றும் தாங்கியை மாட்டிக்கொண்டால் நல்லது. 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் ஏணிக்காலைத் தள்ளி வைக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் நான் ஏறுவதே இல்லை.

துடைத்த பிறகு, இறங்கு குழாய் இல்லாத பீலியின் மறுமுனையில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிடுவேன். நடுவில் தண்ணீர் தேங்கினால் சரிவு போய்விட்டது என்று அர்த்தம். 3 மீட்டருக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் சரிவு போதும். கீழே குழாயின் வாய் அஸ்திவாரத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

அப்புறம், கூரை விளிம்பில் பனிக்கட்டி அணைபோல் கட்டிக்கொள்வதற்கும் வலைதான் மருந்து என்று நம்பி வாங்காதீர்கள். வீட்டின் வெப்பம் மேலே கசிந்து கூரைப்பனியை உருக்குகிறது, அந்தத் தண்ணீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்து மறுபடி உறைகிறது. அதற்குப் பரணில் வெப்பக்காப்பைச் சரிசெய்ய வேண்டும்.

அகன்ற இலை மரங்கள் சூழ்ந்த வீடு என்றால் தயங்காமல் போடுங்கள். சுற்றிலும் பைன் மட்டும்தான் என்றால் நான் போடமாட்டேன். இந்த வருடம் முதல் சுற்று முடிந்தது. ஓக்கில் இன்னும் கால்வாசி இலை பாக்கி இருக்கிறது, ஏணியை உள்ளே வைக்கவில்லை.