1901 சென்சஸ் நகல் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்கள், அதிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீட்டார், கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். நான் 18,000 ரூபாய் ஏமாந்திருக்கிறேன்.

அண்ணன் மகள் லண்டனில் இருக்கிறாள். கூட வேலை பார்க்கிற பெண் தன் கொள்ளுப்பாட்டி வீட்டுப் பழைய சென்சஸ் தாளை அவளிடம் காட்டியிருக்கிறாள். இங்கிலாந்தில் நூறு வருடம் கழிந்தால் வீடு வாரியாக எழுதின தாளையே திறந்துவிடுகிறார்கள், 1921 கணக்கு 2022-ல் வந்துவிட்டது. 1851-லிருந்து ஒவ்வொரு பேருக்கும் நேரே குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று தனிப் பத்தியே உண்டாம். "சித்தப்பா, நம்ம வீட்டுக்கும் இதுபோல எடுங்களேன்" என்றாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. வாட்ஸப் குழு ஒன்றில் வம்சாவளி எடுத்துத் தருவதாக ஓர் எண் வந்திருந்தது, பேசினேன். "சென்னையில ஆள் இருக்காருண்ணே, 1901 ஒரிஜினல் தாளையே காப்பி எடுத்துடலாம்" என்றார். முதலில் 10,000, தாள் கைக்கு வந்ததும் 8,000.

மூன்று வாரத்தில் கூரியர் வந்தது. பழுப்பேறின தாள், ஓரத்தில் வட்டமாக ஒரு கறை, நடுவில் எங்கள் பாட்டையா பேர். மெய் சிலிர்த்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. அப்பச்சி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு மீதிப் பணத்தையும் அனுப்பினேன்.

ஆத்தாவுக்கு 84 வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர், "பாட்டையாவுக்கு அக்கா மகனைக் கொண்டுபோய் அவுக மகளுக்குக் கட்டிவச்சிருக்கானே, அந்தப் பிள்ளைக்கு அப்ப நாலு வயசுகூட இருக்காதே" என்றார். அப்போதுதான் உறைத்தது. அந்த ஆள் இங்கிலீஷ் தாள் எதையோ மாதிரியாக வைத்துக்கொண்டு நெவ்யூ என்றிருந்ததை மருமகன் என்று போட்டிருக்கிறார், அது சரிதான், அக்கா மகன் மருமகன்தான். ஆனால் கூட அனுப்பின வம்சாவளிப் படத்தில் மருமகன் என்றால் மகள் புருஷன் என்று கோடு இழுத்துவிட்டார். நம் பக்கம் அம்மான் மகளைக் கட்டுவது வழக்கம்தானே என்று நானும் அதை நம்பித்தான் இருந்தேன். (இங்கிலாந்துத் தாள்களிலேயே சன்-இன்-லா என்று போட்டிருந்தால் மாப்பிள்ளையாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் தாரத்துப் பையனாகவும் இருக்கலாம் என்று அண்ணன் மகள் பிறகு சொன்னாள். சொந்த ஊர்த் தாளுக்கே அந்தப் பாடு.)

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. தாளில் ஒரே தலைவருக்குக் கீழே 27 பேர். எங்கள் வீட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் வேறு வைத்துவிடுவார்கள், அதே வளவில் இருந்தாலும் அடுப்பு தனி. சென்சஸ்காரர்கள் இன்றைக்கும் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களைத்தான் ஒரு குடும்பம் என்று எண்ணுகிறார்கள். பேர்களுக்கு முன்னால் விலாசமும் இல்லை (முகவரி இல்லை, முன்னோர் பேர்களின் முதலெழுத்துகளைத்தான் நாங்கள் விலாசம் என்போம்). மூத்த பேரனுக்கு ஐயா பேரை வைக்கிற ஊரில், ஒரே பேர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும்போது, விலாசம் இல்லாமல் யார் யாரென்று எப்படிப் பிரிப்பது? பிள்ளை கூட்டினால், அதாவது தத்து எடுத்தால், அந்த விலாசமும் மாறும், அந்தக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியவே தெரியாது.

தலைப்பில் இராமநாதபுரம் ஜில்லா என்று போட்டிருந்தது. அந்த ஜில்லாவே 1910-ல்தான் உண்டானது, 1901-ல் நாம் மதுரை ஜில்லா. 'குடும்பத் தலைவர்' என்று இருந்ததில் லை-யைப் பார்த்துவிட்டு ஆத்தா சிரித்தார். அவர் இன்னும் தும்பிக்கை வைத்த பழைய லைதான் எழுதுவார், தாளில் இருந்தது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்த லை. எல்லாவற்றுக்கும் மேலே, 1901-ல் பேர், மதம், வயது, சாதி, தொழில், பிறந்த இடம், பாஷை என்று கேட்டார்களே தவிர, தலைவருக்கு என்ன உறவு என்று கேட்கவே இல்லை. இல்லாத பத்தியை இவர் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இங்கிலாந்து மாதிரி வீட்டு வாரியான பழைய சென்சஸ் தாள்களை நம் நாட்டில் வைத்திருந்து திறந்துவிடுகிற வழக்கமே கிடையாது. கூட்டிக் கழித்து அச்சடித்த தொகுதிகள் கிடைக்கும், அதில் எண்ணிக்கை இருக்கும், உங்கள் பாட்டையா பேர் இருக்காது. 1948 சென்சஸ் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி தனியாள் விவரத்தை யாரும் கேட்டுப் பார்க்கவும் முடியாது. ஆள் இருக்கிறார், உள்ளே தெரியும் என்பதெல்லாம் சும்மா.

உண்மையில் எனக்கு உதவினது எங்கள் பெட்டகத்திலேயே கிடந்த மொய்ப்பண ஏடு. பங்காளிகள் வரிசையாக, விலாசத்தோடு. இசைகுடிமானம் என்று கல்யாணத்துக்கு எழுதுகிற ஒப்பந்தமும் இரண்டு இருந்தது. எங்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஒன்பது கோயிலில் உங்கள் கோயிலுக்குப் போனால் புள்ளிக் கணக்கு இருக்கும், கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. பழைய பாகப் பத்திரங்களையும் பாருங்கள், சொத்துப் பிரிக்கிற இடத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று எழுதாமல் விடமாட்டார்கள். இதற்கெல்லாம் யாருக்கும் 18,000 கொடுக்க வேண்டியதில்லை.

அந்த ஆளிடம் கேட்டேன். "அது மறுபடி டைப் அடிச்ச காப்பிண்ணே" என்றார். டைப் அடித்த காப்பிக்கு எதற்கு டீக்கறை என்றேன், போனை வைத்துவிட்டார், அன்றிலிருந்து என் எண்ணுக்கு எடுப்பதில்லை. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். இரண்டு மாதம் தாமதமாகச் செய்தேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், பணம் போன அன்றே கூப்பிட்டால்தான் தடுக்க வழி இருக்கும் என்றார்கள்.

போன வாரம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து அவர் வீட்டுத் தாளின் படத்தைக் காட்டினார். பேர்கள் வேறு, ஊர் வேறு. ஓரத்தில் அதே வட்டக் கறை, அதே இடத்தில்.