கூப்பர், லேப், ட்ரிஃப்ட், ஏத்தம்: ட்ரெயில் ஓடுறவங்களுக்கு எந்த டெஸ்ட்?

ட்ராக்ல பறக்குற ஆளு மலையேத்தத்துல நாக்கு தள்ளி நிப்பாரு, ட்ராக்ல சுமாரா ஓடுறவரு கைய முட்டில ஊனி நடந்தே அவர தாண்டிப் போவாரு. ட்ரெயில் ரேஸ்ல, அதாவது மலை, காட்டுப் பாதைல ஓடுற ரேஸ்ல, இது சகஜம். அதனால ரோட்டுக்காரங்க எடுக்குற டெஸ்ட்டையே நாமளும் எடுக்கணும்னு இல்ல.

கூப்பர் டெஸ்ட் தெரியும்ல, 1968ல கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படையில இருந்தப்ப கொண்டுவந்தது. 12 நிமிஷம் முடிஞ்சவரைக்கும் ஓடணும், ஓடுன மீட்டர்ல 504.9 கழிச்சு 44.73ஆல வகுத்தா விஓ2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சமா எவ்ளோ ஆக்சிஜன் பயன்படுத்தும்ங்கிற அளவு) உத்தேசமா வந்துரும், 2800 மீட்டர்னா 51 சொச்சம். காசு கிடையாது, ஆனா மொத்தமும் சமதளம்.

லேப்ல முகத்துல மாஸ்க் மாட்டி ட்ரெட்மில்ல ஓட விட்டு மூச்சையே அளப்பாங்க. துல்லியம்தான், செலவும் ஜாஸ்தி. விஓ2 மேக்ஸ் நம்பர் வாட்ஸ்அப் குரூப்ல பீத்திக்கத்தான் ஆகும், உருப்படியா கிடைக்கிறது த்ரெஷோல்ட் ஹார்ட் ரேட்தான், அதாவது எந்த இதயத் துடிப்ப தாண்டுனா சீக்கிரம் களைச்சுருவோம்ங்கிற எல்லை.

அதுல நீண்ட நேர ஓட்டத்துக்கான எல்லைய, ஏரோபிக் த்ரெஷோல்ட, உத்தேசமா லேப் இல்லாமலே பாக்கலாம், ட்ரிஃப்ட் டெஸ்ட்னு பேரு. நல்லா வார்ம்அப் பண்ணிட்டு ஒரே வேகத்துல ஒரு மணி நேரம் ஓடணும், முதல் அரை மணி ஆவரேஜ் துடிப்பு 140, அடுத்த அரை மணி 145னா துடிப்பு கூடுனது நாலு சதவீதத்துக்கும் கம்மி, அஞ்சுக்குள்ள இருக்கறதால அந்த வேகத்துல நாள் முழுக்க தாங்கலாம்னு ஓரளவு நம்பலாம், 150 ஆயிடுச்சுன்னா வேகம் ஓவர். சென்னை வெயில்ல பத்து மணிக்கு இதப் பண்ணா புழுக்கமே துடிப்ப ஏத்திவிட்டுரும், விடியக்காலைல பண்ணுங்க. வாட்ச் சென்சார நம்பாம செஸ்ட் ஸ்ட்ராப் (நெஞ்சுல கட்டுற துடிப்பு அளக்குற பட்டை) போடுங்க ப்ளீஸ்.

ஆனா என் ஓட்டு ஏத்த டெஸ்ட்டுக்குத்தான். ஒரே பாதை, அரை மணி நேரம், எவ்ளோ உயரம் ஏறுனோம், அவ்ளோதான். 400 மீட்டர் ஏறுனா மணிக்கு 800 மீட்டர், அத வச்சு ரேஸ்ல வர்ற ஏத்தத்துக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு கணக்கு போட்டுக்கலாம், கரடுமுரடான பாறைப் பாதைன்னா கொஞ்சம் கூட்டிக்கணும். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஏத்தத்துக்குப் பஞ்சமே இல்ல, வண்டி வர்றதுக்கு முன்னாடி முடிச்சுருங்க. மலையே இல்லாத ஊர்க்காரங்க ட்ரெட்மில்ல 15 சதவீதம் சரிவு வச்சு நடங்க, கைப்பிடிய மட்டும் பிடிக்காதீங்க, பிடிச்சா டெஸ்ட்டே பொய்.

இறக்கத்துக்கு இதுல ஒண்ணும் உதவாது. நீளமா இறங்கி முடிச்ச உடனே சமதளத்துல ஒரு கிலோமீட்டர் ஓடிப் பாருங்க, வழக்கமான வேகம் வரலன்னா தொடைக்குத்தான் வேலை பாக்கி.