ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றும் உப்புக் கலவை) பொட்டலமா, வீட்டில் கலக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசலா?

நடை பழகும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நாள்கணக்கில் நீடிக்கும்போது, உடல் இழக்கும் நீரையும் உப்பையும் எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்ற குழப்பம் பெற்றோருக்கு எழுவது இயல்பே.

சத்து: பொட்டலத்தில் உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றுடன் போக்கில் உடல் இழக்கும் பொட்டாசியமும், உடலில் அமிலம் மிகாமல் காக்கும் சிட்ரேட்டும் உள்ளன.
வீட்டுக் கரைசலில் பின்னிரண்டும் இல்லை. போக்கு நீடிக்க நீடிக்க இக்குறை பெரிதாகும்.

அளவு: பொட்டலம் முழுவதையும் அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் கரைக்க வேண்டும், பாதியைக் கொட்டி உத்தேசமாகக் கலப்பது (பலரும் செய்வதுதான்) கூடாது.
வீட்டில் கலக்கும்போது, ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கரண்டியைக் குவித்து அள்ளினால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம்.

எளிமை: நள்ளிரவில் கைகொடுப்பது வீட்டுக் கரைசலே.

இரண்டில் எதைக் கொடுத்தாலும் கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டி, கலக்கிய 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

என் கணிப்பில் பொட்டலமே முதல் தேர்வு; அது கைக்கு வரும்வரை மட்டுமே மற்றது. இரண்டுமே போக்கை நிறுத்துபவை அல்ல என்பதால், அது மூன்று நாளில் குறையாவிட்டாலோ, அதற்கு முன்பே மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண்கள், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.