ஃபீனிக்ஸில் வீடு: நீச்சல் குளத்தோடு வாங்குவதா, பிறகு வெட்டுவதா, பொதுக் குளமே போதுமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ், சான்ட்லர், கில்பர்ட் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. நீச்சல் குளம் உள்ள வீட்டையே வாங்கலாம். வெறும் கொல்லைப்புறத்தோடு வாங்கிப் பிறகு குளம் வெட்டலாம். குடியிருப்புச் சங்கத்தின், அதாவது ஹெச்.ஓ.ஏ.வின், பொதுக் குளம் போதும் என்று இருந்துவிடலாம். 2023இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, 31 நாளும் உச்ச வெப்பம் 110 பாரன்ஹீட்டை (43 செல்சியஸ்) தொட்ட ஊர் இது. குளம் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் எந்த வழி என்பதை வெயிலை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீரை வைத்து முடிவு செய்யுங்கள்.

இங்கே மூடாத குளத்தில் ஆண்டுக்குச் சுமார் 6 அடித் தண்ணீர் ஆவியாகிறது. 15க்கு 30 அடிக் குளத்தின் பரப்பு 450 சதுர அடி. அப்படியானால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 கேலன் காற்றில் போகிறது. சராசரி நாலரை அடி ஆழமுள்ள அந்தக் குளம் மொத்தமாகப் பிடிப்பதே 15,000 கேலன்தான். போனது வெறும் தண்ணீர். அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் குளத்திலேயே தங்கிவிடுகின்றன, உப்பளத்தில் நடப்பதுபோல. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரோ தொடக்கத்திலேயே கடினமானது. அதனால் கால்சியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

குளம் உள்ள வீட்டில் முதலில் பார்க்க வேண்டியதும் இதையே. தண்ணீரைச் சொட்டுச் சோதனைப் பெட்டியால் சோதியுங்கள். கலர்ப் பட்டைகளை நம்ப வேண்டாம். கால்சியம் 200 முதல் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தால் நல்லது. 1,000 தாண்டியிருந்தால் நீர்மட்டத்தை ஒட்டிய ஓட்டு வரிசையில் வெள்ளைப் படிவு பெரும்பாலும் இருக்கும். அடுத்து சயனூரிக் அமிலம். வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் காக்க இது 30 முதல் 50 பிபிஎம் வேண்டும். ஆனால் குளோரின் மாத்திரையை மட்டும் மிதக்கவிட்டுப் பல ஆண்டு ஓட்டிய குளத்தில் 100ஐத் தாண்டியிருக்கும். அப்போது வழக்கமான அளவு குளோரின் போட்டாலும் பாசி பிடிக்கும், ஏனெனில் குளோரினின் பெரும்பகுதி அந்த அமிலத்திலேயே கட்டுண்டு கிடக்கும். இதைக் குறைக்க நம்பகமான வழி, தண்ணீரை மாற்றுவதுதான்.

மாற்றுவதற்கும் காலம் உண்டு. கோடையில் குளத்தைக் காலி செய்தால் ஈரம் காய்ந்த உட்சுவர்ப் பூச்சு வெடித்து உரியலாம். நவம்பர் முதல் மார்ச்வரைதான் பொருத்தமான பருவம். ஜூனில் வீடு வாங்குபவர் கெட்ட தண்ணீரோடு ஐந்து மாதம் தள்ள வேண்டும், அல்லது குளத்தைக் காலி செய்யாமலே வண்டியில் கொண்டுவந்து வடிகட்டும் ஆர்.ஓ. சேவைக்குச் செலவழிக்க வேண்டும். இந்தச் செலவை விலை பேசும்போதே கணக்கில் எடுங்கள். அரிசோனாவின் வழக்கமான வீட்டு ஒப்பந்தத்தில் ஆய்வுக்கு 10 நாள் கிடைக்கும்; வீட்டு ஆய்வாளரோடு நில்லாமல் குளத்துக்கென்று தனி ஆளை அந்த நாட்களுக்குள் கூப்பிடுங்கள்.

பிறகு பூச்சு. வெள்ளை பிளாஸ்டர் இங்கே சுமார் பத்து ஆண்டு தாங்கும், சிறு கூழாங்கல் கலந்த பெபிள் பூச்சு பதினைந்து, இருபது ஆண்டு வரும். எந்த ஆண்டு பூசினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். மயிரிழை வெடிப்புகள் தொல்லையில்லை. செம்பழுப்புத் துருப்புள்ளி இருந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது. வெடிப்பு பூச்சிலிருந்து ஓடு, கரைக்கல், குளத்தைச் சுற்றியுள்ள தளம் வரை ஒரே கோடாகத் தொடர்ந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதே மேல்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வாளி போதும். தானாக நீர் நிரப்பும் வால்வை மூடிவிட்டு, வாளியைப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கும்படி செய்து, இரண்டிலும் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்து வாளியைவிடக் குளம் அதிகமாக இறங்கியிருந்தால் கசிகிறது. பம்பையும் ஓடவிட்டுப் பாருங்கள்: அதன் வடிகட்டிக் கூடையின் கண்ணாடி மூடிக்குள் குமிழி ஓடினால் உறிஞ்சும் பக்கம் காற்று நுழைகிறது. பழைய ஒற்றை வேகப் பம்ப் என்றால் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகம் மாற்றும் பம்ப் பாதி வேகத்தில் ஓடும்போது மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் எடுக்கும். கோடையில் நாளுக்குப் பத்து மணி நேரம்போல ஓட வேண்டிய கருவி அது.

எந்தப் பக்கம் குளம் இருக்கிறது என்பதும் பெரிய விஷயம், இதை ரசாயனம் எதுவும் சரிசெய்யாது. வீட்டுக்குக் கிழக்கே இருந்தால் மாலையில் வீட்டின் நிழல் விழும். மேற்கே என்றால் ஆகஸ்டில் தண்ணீர் 32 செல்சியஸைத் தாண்டி வெதுவெதுவென்று கிடக்கும். எந்தப் பக்கம் இருந்தாலும், சூடாக்கி இல்லாவிட்டால் குளிர்காலத்தில் இறங்குவது கடினம்.

பிறகு வெட்டுவதில் உள்ள பெரிய லாபம் இந்த இடத்தேர்வுதான். ஆழமும் பூச்சும் கூட உங்கள் விருப்பம். சிக்கல் மண்ணில் இருக்கிறது. இங்கே பல இடங்களில் மண்ணுக்கடியில் காலிச்சி என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்கு உண்டு. மண் வாரும் இயந்திரம் அதில் முட்டினால் பாறை உடைக்கும் சுத்தி வரவேண்டும், கூலி ஏறும். ஒப்பந்தத்தில் இதற்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். வீட்டின் பக்கவாட்டுச் சந்து குறுகலாக இருந்தால் இயந்திரம் உள்ளே போக மதிலை இடிக்க நேரும். வாங்குமுன் நாடா வைத்து அளந்துவிடுங்கள். உள்ள குளத்தின் விலை முப்பது ஆண்டு வீட்டுக்கடனில் கரைந்துவிடுகிறது; புதுக் குளத்துக்குக் கைப்பணம் வேண்டும், இல்லாவிட்டால் தனிக் கடன். போட்ட பணம் முழுவதும் விற்கும்போது திரும்பாது. இருந்தும் வெட்டுவதென்றால் அனுமதிப் பத்திரத்தை இலையுதிர் காலத்திலேயே தொடங்குங்கள், மே மாதம் நீந்தலாம்.

பொதுக் குளத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திறக்கும் நேரம், விருந்தாளி வரம்பு, குளிர்காலத்தில் சூடாக்குகிறார்களா என்பதை விதிப்புத்தகத்தில் பாருங்கள். சங்கத்தின் இருப்பு நிதி குறைவாக இருந்தால் குளத்தைப் பழுது பார்க்கும் நாளில் உங்கள் வீட்டுக்கும் தனி வசூல் வரும்.

ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ளவர்களுக்கு இந்த மூன்றாவது வழியையே முதலில் சொல்வோம். இல்லாதவர்களுக்கு, பூசிப் பத்தாண்டு ஆகாத பெபிள் குளம், வீட்டுக்குக் கிழக்கே இருந்தால், அதுவே நல்ல தேர்வு. குழந்தையோடு குளமுள்ள வீட்டுக்கே போவதானால் அரிசோனா சட்டம் கேட்கும் வேலியைக் குடிபோகும் முன்னே அளந்து பாருங்கள்: உயரம் 5 அடி, 4 அங்குல உருண்டை நுழையாத இடைவெளி, தண்ணீரிலிருந்து குறைந்தது 20 அங்குலத் தொலைவு. கேட் குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திறந்து, தானாகச் சாத்தித் தானாகத் தாழிட வேண்டும். தாழ் பொதுவாகத் தரையிலிருந்து குறைந்தது 54 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். நகராட்சி விதி இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். கேட்டைப் பாதி திறந்து கையை எடுங்கள். தாழ் விழும் ஒலி கேட்காவிட்டால் கீலின் ஸ்பிரிங்கை அன்றே மாற்றுங்கள்.