கட்டம் பிரிப்பதா, ஆப்டிமைசரிடம் விடுவதா?

அமெரிக்கக் கடன் பத்திரச் சந்தையை அளக்கும் ப்ளூம்பெர்க் யு.எஸ். அக்ரிகேட் குறியீட்டில் 13,000-க்கும் மேற்பட்ட கடன் பத்திரங்கள் இருக்கின்றன. அத்தனையையும் வாங்க முடியாது. பல பத்திரங்கள் நாள்கணக்கில் கைமாறுவதே இல்லை. அதில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக் குறியீட்டை ஒட்டிப் போக வேண்டும். கணித மாதிரிகளால் முதலீட்டைத் திட்டமிடும் குவான்ட்டின் முன் இரண்டு வழிகள்.

முதலாவது, கட்டம் பிரிப்பது. டியூரேஷன் (வட்டி மாறினால் விலை எவ்வளவு அசையும் என்ற அளவு) 6, துறை 8, ரேட்டிங் (கடன் தரம்) 4 பிரிவுகள் என்று வகுத்தாலே 192 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எளிதாகக் கிடைக்கும் ஓரிரு பத்திரங்களை எடுத்தால் போதும். "இது ஏன்?" என்று மேலாளர் கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லலாம். ஆனால் கட்டங்களுக்கு இடையிலான தொடர்பு இதன் கண்ணில் படாது.

இரண்டாவது, ஆப்டிமைசர்: எதை எவ்வளவு வாங்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள். அது அந்தத் தொடர்பையும் கணக்கில் எடுத்து, டிராக்கிங் எரரைக் (குறியீட்டின் வருமானத்திலிருந்து விலகும் அளவை) குறைக்கும். சிக்கல் உள்ளே போகும் தரவில்தான். வாரக்கணக்கில் விற்காத பத்திரத்தின் பழைய விலை, ஈல்டை (பத்திரம் தரும் வருவாய் விகிதத்தை) சில சமயம் உயர்த்திக் காட்டும். ஈல்டைக் கூட்டச் சொல்லியிருந்தால் ஆப்டிமைசர் அதைத்தான் முதலில் அள்ளும். முதலீட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் மிஷோ 1989-லேயே ஆப்டிமைசர்களை மதிப்பீட்டுப் பிழைகளைப் பெருக்குபவை என்றார். போதாக்குறைக்கு, ஒரு பத்திரத்தை 37,412 யூரோவுக்கு வாங்கச் சொல்லும். பல ஐரோப்பிய நிறுவனப் பத்திரங்களின் குறைந்தபட்ச முகமதிப்போ 1,00,000 யூரோ! டிரேடர் சிரிப்பார்.

அரசுப் பத்திரங்களுக்கு ஆப்டிமைசரே மேல்: விலை நம்பகமானது, டியூரேஷனும் ஈல்டு வளைவில் உள்ள பரவலும் (எந்தக் கால அளவில் எவ்வளவு என்பது) பொருந்தினால் ஏறக்குறைய வேலை முடிந்தது. நிறுவனப் பத்திரங்களுக்கு என் ஓட்டு கட்டத்துக்கே. ஆப்டிமைசர் வேண்டுமென்றால், கட்ட வரம்புகளையும் குறைந்தபட்சத் தொகையையும் நிபந்தனையாகக் கொடுத்த பிறகு ஓட்டுங்கள்.