புஷ்பேக்: டோ பாரா, டோ பார் இல்லாத டிராக்டரா?

பெரும்பாலான விமானங்கள் கேட்டிலிருந்து தாமாகப் பின்னால் வருவதில்லை. டிராக்டர்தான் தள்ள வேண்டும்; இதுதான் புஷ்பேக்.

டிராக்டரையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் இரும்புத் தண்டுதான் டோ பார். இந்த முறை மலிவு. ஆனால் ஏர்பஸ் ஏ320-க்கு ஒரு பார், போயிங் 737-க்கு இன்னொன்று; தவறான பாரைக் கொண்டுவந்தால் புறப்பாடு அங்கேயே தாமதம். பாரில் ஷியர் பின்கள் உண்டு. அளவுக்கு மீறி இழுத்தாலோ திருப்பினாலோ முதலில் அவைதான் முறியும், முன்சக்கரத் தண்டு தப்பிக்கும். அடிக்கடி பின் முறிகிறதென்றால் ஓட்டுநர் வெடுக்கென்று கிளப்புகிறார், அல்லது விமானத்தின் பார்க்கிங் பிரேக் விடுவிக்கப்படாமலே தள்ளுகிறார் என்று பொருள். பிடிமானத்துக்கு டிராக்டரே கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தளத்தில் வழுக்கும்.

டோ பார் இல்லாத டிராக்டர் முன்சக்கரத்தையே கவ்வித் தூக்கிக்கொள்ளும். விமானத்தின் எடையில் ஒரு பங்கு வண்டிமேல் இறங்குவதால் பிடிமானம் தானாகக் கிடைக்கும். ஒரே வண்டி பல ரகங்களுக்கு ஆகும். ஹேங்கருக்கு நெடுந்தூரம் இழுக்க இதுவே வேகம். குறை என்னவென்றால், முறிந்து காக்க ஷியர் பின் கிடையாது. எச்சரிக்கை உணரிகளைத்தான் நம்ப வேண்டும். அவை பழுதானால் சேதம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். விலையும் பராமரிப்பும் அதிகம்.

எதுவானாலும் ஏ320-இல் ஸ்டீயரிங் பைபாஸ் பின் (விமானி அறையிலிருந்து முன்சக்கரம் திரும்பாதபடி துண்டிக்கும் முள்) செருகாமல் தள்ளக் கூடாது. முடிந்ததும் பார்க்கிங் பிரேக் போட்டதை ஹெட்செட்டில் விமானி உறுதிசெய்த பிறகே வண்டியைக் கழற்ற வேண்டும். அப்புறம் பைபாஸ் பின்னை உருவி விமானிக்குக் காட்ட வேண்டும்.

நாளுக்குச் சில விமானங்களே வரும் சிறு நிலையத்துக்கு டோ பார் போதும்.