ஹோபி அவுட்பேக்: ஓதம் ஏறி வற்றும் ஆற்றில் எப்படி?

மீன்பிடிக்கக் கயாக் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். கடலின் ஓதம் (நீர்மட்ட ஏற்ற இறக்கம்) ஏறி வற்றும் ஆற்றுக்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்: தண்ணீர் இழுக்கும்போது இரண்டு கையும் தூண்டிலில் இருக்க, படகு நின்ற இடத்தில் நிற்குமா? காலால் மிதித்து ஓட்டும் கயாக்கான ஹோபி மிராஜ் அவுட்பேக் நிற்கும். கொடுக்கிற காசில் பெரும்பங்கு இந்த ஒன்றுக்குத்தான். அதனால் சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றிலும், அதில் வந்து சேரும் மூனி மூனி ஓடையிலும் ஃபிளாட்ஹெட் மீனுக்குப் போகிறவர்களை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு.

2019ல் மறுவடிவம் பெற்ற மாடல் இது. நீளம் 3.89 மீட்டர், அகலம் 86 செ.மீ., தாங்கும் எடை 193 கிலோ. அகலம் இருப்பதால் தளும்பல் குறைவு. அமைதியான தண்ணீரில் எழுந்து நின்று தூண்டில் வீசலாம். ஓதம் குறுக்கே இழுக்கும் இடத்தில் நிற்காதீர்கள்.

உயிர்நாடி மிராஜ் டிரைவ். 1997ல் வந்த பெடல் அமைப்பு. அடியில் இரண்டு ஃபின்கள் (வளையும் தகடுகள்) பென்குயின் சிறகு போல இடமும் வலமும் வீசும். 180 என்ற வகையில் ஒரு கைப்பிடியை இழுத்தால் ஃபின்கள் அப்படியே திரும்பிக்கொள்ளும், படகு பின்னால் போகும். சிப்பி வளர்க்கும் சட்டகங்களுக்குள் மீன் பாயப் பார்க்கும்போது இதன் அருமை தெரியும். ராடை (தூண்டில் கம்பை)த் தாழ்த்தாமல், காலாலேயே படகைப் பின்னுக்கு எடுத்து மீனைத் திறந்த தண்ணீருக்கு இழுத்து வந்துவிடலாம்.

பெடல் தண்டில் 1 முதல் 7 வரை எண்கள் உண்டு. கால் முழுதாக முன்னே போகும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும்படி வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் ஒரு மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். ஓதம் முழுதாக ஏற ஒரு மணி நேரம் இருக்கும்போது இறங்கினால், பெருக்கு உங்களை மேலே கொண்டுபோய் விடும். வற்றத் தொடங்கியதும் அலையாத்திக் காட்டிலிருந்து சிறு வாய்க்கால்கள் வழியே தண்ணீர் வடியும். அதோடு இறாலும் பொடிமீனும் வரும். வாய்க்கால் வாயில், மேடு முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பில், ஃபிளாட்ஹெட் மணலுக்குள் புதைந்து நீரோட்டத்தைப் பார்த்துக் கிடக்கும். அதன் வாய்க்கு இரை நீரோட்டத்தோடு வர வேண்டும். ஆகவே படகின் முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி, நடக்கிற வேகத்துக்கும் குறைவாக மிதித்துக்கொண்டு, முன்பக்கம் வீசுங்கள். 3 அங்குல ரப்பர் இரை, 7 கிராம் ஜிக் ஹெட் (எடை வார்த்த தூண்டில் முள்), 2–4 கிலோ ராட், 2500 அளவு ரீல், 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), அதன் முனையில் ஒரு மீட்டர் லீடர் நரம்பு போதும். இரை தரையைத் தொட்டதும் இருமுறை சுண்டி, மறுபடி தரையைத் தொட விடுங்கள். பெரும்பாலும் இரை விழும்போதுதான் கடிக்கும். அந்த நொடியில் கை துடுப்பில் இருந்தால் கடி கைவிட்டுப் போகும். சாதாரணத் துடுப்புக் கயாக்கில் தோற்பது இங்கேதான்.

மீனை வலையில் எடுங்கள். செவுள் மூடியில் முள் இருக்கிறது, வெறுங்கையால் பிடித்தால் கிழிக்கும். நியூ சவுத் வேல்ஸ் விதிப்படி டஸ்கி என்ற ஃபிளாட்ஹெட் வகையில் 36 முதல் 70 செ.மீ. வரைதான் வைத்துக்கொள்ளலாம், ஒருவருக்கு 5. பெரியவை முட்டையிடும் பெட்டைகள் என்பதால் அளவுப் பட்டை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தண்ணீர் அரை மீட்டருக்குக் கீழே போனால் ஃபின்கள் தரையைத் தேய்க்கும். எதிலாவது மோதினால் மடங்கிக்கொள்ளும் ஃபின்தான், ஆனாலும் சிப்பி ஓட்டின் விளிம்பு அதைக் கீறாமல் விடாது. ஒரு பெடலை முழுக்க முன்னே தள்ளினால் இரண்டு ஃபின்களும் அடித்தட்டோடு ஒட்டிப் படிந்துவிடும். அந்த நிலையில் சின்னச் சின்னதாக மிதித்தே மேட்டைத் தாண்டலாம். சுக்கானையும் தூக்கிவிட மறக்க வேண்டாம். அதிலும் குறைந்த தண்ணீர் என்றால் துடுப்புதான். டிரைவைக் கழற்றி, அந்தத் துளையை அதற்கான அடைப்பால் மூடிவிட்டுத் துடுப்புப் போடுங்கள். துடுப்பை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு வற்றின் கடைசியில் சேறுதான் மிச்சம். அடுத்த பெருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நங்கூரம் போடுவதானால் 1.5 கிலோ மடக்கு நங்கூரம் போதும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். படகின் முன்முனையிலோ பின்புறத்திலோ மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் ஓதம் படகைச் சாய்த்துக் கவிழ்த்துவிடும். கயிறு ஒரே இழுப்பில் கழன்று, மிதவையோடு தண்ணீரில் நிற்கும்படி முடிச்சு இருக்க வேண்டும்.

கோடைக் காலத்தில் பகல் ஏற ஏற வடகிழக்குக் காற்று எழும். அது வற்று நீரை எதிர்த்து வீசினால் அகன்ற ஆற்றில் அலை குட்டையாய், நெருக்கமாய் எழும்பும். காற்றுக்கு முன்பே ஆற்றங்கரை ஊரான புரூக்ளின் பக்கம் திரும்பிவிடுவது நல்லது.

மிகப் பெரிய குறை எடை. எல்லாம் பொருத்தினால் கிட்டத்தட்ட 47 கிலோ. ஒற்றை ஆளாகக் காரின் மேலே ஏற்றுவது கடினம். டிரைவையும் இருக்கையையும் முதலில் கழற்றுங்கள், பிறகு படகின் முனையைக் காரின் பின்பக்கத்திலிருந்து கூரைக் கம்பியில் சாய்த்துத் தள்ளுங்கள். அடியிலுள்ள வடிகால் துளைகளில் செருகும் சக்கர வண்டியும் சேர்த்தே வாங்குங்கள். ஆனால் ஐஸ் பெட்டி, பேட்டரி, நங்கூரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு படிக்கட்டில் இறக்கினால் முழுப் பாரமும் அந்தத் துளைகளில் விழும், நாளடைவில் அங்கே விரிசல் காணும். கனமானதைத் தனியே எடுத்துச் செல்லுங்கள்.

விலைக்கு நல்ல துடுப்புக் கயாக் இரண்டு வாங்கலாம். ஏரியில் மட்டும் மீன்பிடிக்கிறவருக்கு இது தேவையில்லை. ஓதத்தில் வாரம் ஒருமுறை இறங்குகிறவர் தயங்காமல் வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் டிரைவை நல்ல தண்ணீரில் அலசி, சங்கிலியிலும் ஃபின் அடியிலும் ஒட்டிய மணலை விரலால் தடவிப் பாருங்கள். மணல் நெருடினால் மறுபடி அலசுங்கள். பின்புற வடிகால் மூடியைத் திறந்து, உள்ளே நின்ற தண்ணீரையும் வெளியேற்றிவிட்டு நிழலில் கவிழ்த்து வையுங்கள்.